அந்தத் தாய் பாட்டுப் போட்ட நாள்

மலத்தைப் பற்றிப் பேசித்தான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. ஆறு வயதுப் பையன். உள்ளாடையிலேயே போய்விடுகிறான். அதோடு விட்டால் பரவாயில்லை. உருட்டி அலமாரிக்குப் பின்னால் எறிகிறான், சாப்பாட்டு மேசைக்கு அடியில் பூசுகிறான். மைக்கேல் வைட்டும் டேவிட் எப்ஸ்டனும் 1990இல் வெளியிட்ட நூலில் வரும் குடும்பம் இது. கதையாடல் சிகிச்சை படிப்பவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இந்தப் பையனைச் சந்தித்திருப்பார்கள்.

அடிலெய்டில் சிகிச்சையாளராக இருந்த வைட், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அவனைக் கேட்கவில்லை. அந்தத் தொல்லைக்கு ஒரு பெயர் கிடைத்தது. நம் மொழியில் சொன்னால் ‘திருட்டுக் கக்கா’. அது வீட்டில் ஒவ்வொருவரையும் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. பையனை மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரிக்கிறது. தகப்பனை நண்பர்கள், உறவினர்கள் முன்னால் கூச வைக்கிறது. தாயை? நான் நல்ல அம்மாதானா, எதற்காவது லாயக்கானவளா என்று தன்னையே சந்தேகிக்க வைக்கிறது.

நான் நின்றுவிட்டது இங்கேதான். ஒரே அசுத்தம். ஆனால் அவருக்கு அது வெளியே தலைகாட்ட முடியாத சங்கடம், இவளுக்கோ தன் தகுதிமீதே விழுந்த தீர்ப்பு. பிள்ளை பிழைத்தால் தாயைத் தேடும் பழக்கத்துக்கு அடிலெய்டும் விலக்கல்ல.

பிறகு வைட் கேட்கிறார்: அது ஜெயிக்காத நாள் உண்டா? அவளுக்கு ஒரு நாள் நினைவுக்கு வருகிறது. வழக்கம்போல் வீடு நாறிக் கிடந்தது. அவள் உடைந்து உட்காராமல் பாட்டைப் போட்டுவிட்டாள். அன்றைக்குத் தன்னைத் தானே விசாரிக்கவும் இல்லை. யாரும் கணக்கில் எடுக்காத இந்தச் சின்னக் காரியத்தை வைட் விடுவதில்லை. அப்படிச் செய்ய எப்படி முடிந்தது, அது உங்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்டுக்கேட்டு, அவளைப் பற்றிய இன்னொரு கதை அவள் வாயாலேயே உருவாக இடம் விடுகிறார். அறிவுரை இல்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான்.

ஆனால் ஆளையும் பிரச்சினையையும் பிரித்துப் பார்ப்பது எப்போதும் பெண்ணுக்குச் சாதகமா? “கோபம் வந்துச்சு, கை நீண்டுருச்சு” என்கிறான் கணவன். அடித்தது கோபம், நீண்டது கை. அவன் எங்குமே இல்லை. எந்தச் சிகிச்சையும் இல்லாமலே வன்முறையை வெளியே நிறுத்திவிட்டான். நூலாசிரியர்கள் இதை உணர்ந்தே இருந்தார்கள். வன்முறையையும் பாலியல் வன்கொடுமையையும் அப்படிப் பிரிக்கக் கூடாது, அதற்குத் துணைபோகும் எண்ணங்களையும் ரகசியம் காக்கச் சொல்லும் தந்திரங்களையும்தான் பிரித்துக் காட்ட வேண்டும் என்று எழுதினார்கள். அதே 1990இல் ஆலன் ஜென்கின்ஸ், அடிக்கும் ஆண்களே தம் செயலுக்குப் பொறுப்பேற்பதை மையமாக வைத்து ஒரு நூல் எழுதினார். இரண்டு நாள் பயிலரங்கில் இந்த முறையைக் கற்றுவருபவர்களிடம் இந்த எச்சரிக்கை எவ்வளவு தங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பிரச்சினைக்குப் பெயர் வைத்து வெளியே நிறுத்துவது நமக்கும் புதிதல்ல. பேய் பிடித்தவளிடம் “நீ யாரு?” என்று கேட்கிறார்கள். மாமியாரைத் திட்டவும் புருஷனை ஒருமையில் பேசவும் அன்றைக்கு அனுமதி உண்டு. பிறகு முடியைப் புளியமரத்தில் ஆணியடித்துவிட்டு அதே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பேசியதெல்லாம் பேயின் கணக்கு. அவள் கணக்கில் ஒரு வார்த்தையும் ஏறுவதில்லை.

நியூசிலாந்தின் எப்ஸ்டன் இதற்கு நேரெதிராக ஒன்று செய்தார். சந்திப்பு முடிந்ததும், வந்தவர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே கடிதமாக எழுதி அனுப்பினார். சிகிச்சையாளரின் கோப்பில் கிடக்க வேண்டிய குறிப்பு, சொன்னவர் கைக்கே வந்தது. அந்தச் சொற்களுக்கு அவரே சொந்தக்காரர்.

அந்தக் கடிதத்தை நம் வீடுகளில் வைத்து யோசித்துப் பார்த்தேன். தபாலைப் பிரிப்பவர் யார்? செல்போனின் கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும்? பூட்டிவைக்க ஒரு இழுப்பறைகூட இல்லாதவளுக்குச் சிகிச்சையாளர் கடிதம் எழுதும் முன், அதை எங்கே வைப்பாய் என்று அவளிடம் கேட்டாக வேண்டும்.