புன்னை எனும் சகோதரி

சங்கப் பாடல்களில் இயற்கை காதலுக்குப் பின்புலம் மட்டுமே என்று கருதுவோர் நற்றிணையின் 172-ஆம் பாடலை மறுமுறை படித்தல் நலம். பாடியவர் பெயர் கிட்டாத நெய்தற் பாட்டு அது. தோழியரோடு விளையாடிய சிறுமி வெண்மணலில் புன்னை விதையொன்றை அழுத்தி வைத்து மறந்துபோகிறாள். அது முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். அம்மரம் மகளினும் மேலானது, அவளுக்கு உடன்பிறந்தாள் என்று தாய் சொல்லிவிடுகிறாள். பின்னாளில் அதன் நிழலில் தலைவன் வந்து நிற்க, இங்கே உன்னோடு நகைத்துப் பேச நாணுகிறோம் என்கிறாள் தோழி.

பகலில் வந்து மீளும் தலைவனை மணத்திற்குத் தூண்டும் உத்தி இது என்பது மரபான விளக்கம். சரியே; ஆயினும் அதனோடு நிறுத்திக்கொண்டால் பாடலின் பாதியை இழக்கிறோம். மரம் சகோதரி என்பது வெறும் சாக்கானால் தலைவன் சிரித்திருப்பான். கேட்பவனும் ஒப்பும் உலகில்தான் அச்சாக்குச் செல்லும். புன்னையின் பூவையோ மணத்தையோ கவிஞர் புனையவில்லை என்பதையும் காண்க. அழகில் மயங்கிய அன்பன்று இது. ஒன்றன் முன்னிலையில் நம் நடத்தையை அடக்கிக்கொள்ளும் உறவு.

அசிசியின் புனித பிரான்சிஸ் 1225-ஆம் ஆண்டளவில், பார்வை மங்கிய நோயாளியாக, கதிரவனைச் சகோதரன் என்றும் தண்ணீரைச் சகோதரி என்றும் பாடினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் விடுத்த சுற்றுமடலின் தொடக்கச் சொற்கள் அப்பாடலினுடையவை. இரண்டும் ஒன்றே எனச் சொல்லிவிட ஆசைதான், ஆனால் ஒன்றல்ல. பிரான்சிசுக்கு உறவு படைத்தவரால் வருகிறது. புன்னைக்கோ பால் ஊற்றிய கையால் வருகிறது. முன்னது கொடை, பின்னது உழைப்பு. நம் பக்தி முன்னதில் எளிதாக நிறைவுகொள்கிறது என்பது என் ஐயம்.

மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னையே. அடையாற்றில் பிரம்மஞான சபையின் பெரிய ஆலமரத்தின் தாய்த்தண்டு 1989-இல் காற்றில் சாய்ந்தபோது, விழுதுகளே அதைத் தாங்கி நின்றன. 2016 டிசம்பரில் வர்தா புயல் நகரின் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் வீழ்த்தியது. நிறைந்த நிழல் தரும் மரங்கள் வேறும் உண்டு என்று தோழி சொல்லும் இறுதி அடி, அதன்பின் எனக்கு முன்போல் எளிதாகப் படிக்க வரவில்லை.

அந்நாளில் ஆலய வளாகமொன்றில் கன்று நடும் விழாவிற்குச் சென்றிருந்தேன். மந்திரிப்பு, உரைகள், புகைப்படம் எல்லாம் முறையாக நடந்தன. அடுத்த கோடையில் பெயர்ப்பலகை மட்டுமே நின்றது. விதையை மறந்த சிறுமிக்கு அது தானே முளைத்துத் திரும்பக் கிடைத்தது. எங்கள் கன்றுக்கு நாள்தோறும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார் யார் என்று விழாவன்று எவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.