8 அடிப் பலகைக்கு 22 அடி இடம்

பேனல் சா மெஷினைக் காட்ட வந்த சேல்ஸ்மேன் முதலில் மோட்டார் மூடியைத்தான் திறந்தார். “அஞ்சரை எச்.பி. சார், முழுக்க காப்பர் வைண்டிங். தேக்குக் கட்டையைத் தள்ளினாலும் திணறாது” என்றார். என்னோடு வந்திருந்த லேத் பட்டறை நண்பர் மோட்டார் பக்கம் திரும்பவே இல்லை. பையிலிருந்து டயல் கேஜை எடுத்தார். நகரும் மேசை அலுமினியம், காந்தக்கால் ஒட்டாது. அதனால் ஒரு சின்ன சி-கிளாம்ப் போட்டு கேஜை மேசையோடு இறுக்கினார். ரம்பத்தில் ஒரு பல்லுக்குக் கீழே சாக்பீஸால் புள்ளி வைத்து, கேஜின் முனையை அங்கே தொடவிட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். பிறகு மேசையை மெதுவாகத் தள்ளி, அதே புள்ளியை ரம்பத்தின் பின்பக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்து மறுபடி தொடவிட்டார். முள் தவறான பக்கம் 0.3 மில்லிமீட்டர் நகர்ந்தது. பின்பக்கம் மேசையை நெருங்கி வருகிறது என்று அர்த்தம். வெட்டி முடித்த விளிம்பைப் பின்பல் மறுபடி உரசும், மைக்கா பிசிறடிக்கும்.

“இன்ஸ்டாலேஷன்ல சரி பண்ணிருவாங்க சார்” என்றார் சேல்ஸ்மேன். “அப்ப இன்ஸ்டாலேஷன் பண்ணினதைக் காட்டுங்க, அதை வாங்கிக்கறோம்” என்றார் நண்பர்.

கோயம்புத்தூரில் மரவேலை செய்கிறவனுக்கு உள்ள ஒரே பெரிய வசதி இதுதான். தெருவுக்குத் தெரு வார்ப்படமும் லேத்தும் இருக்கும் ஊர். இரும்பைப் பற்றி நமக்குத் தெரியாததைச் சொல்ல ஒருவர் டீக்கடையிலேயே கிடைப்பார். நண்பர் அன்று சொன்னதைத்தான் ஓராண்டு ஓட்டிப் பார்த்த பிறகு நானும் சொல்கிறேன்: பேனல் சாவில் காசு கொடுக்க வேண்டியது மேசைக்கு, மோட்டாருக்கு அல்ல. ரம்பத்தைச் சுற்றுவது எந்த மோட்டாருக்கும் பெரிய காரியமில்லை. 3 மீட்டருக்கு மேல் ஓடும் ஒரு மேசை முடியளவு கூடக் கோணாமல் போய்வருவதுதான் கஷ்டம்.

எங்களுடையது நாலு பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறை. கிச்சன் கபோர்டு, வார்ட்ரோப், கடைகளுக்கு ரேக். அதுவரை எங்களிடம் இருந்தது பெரும்பாலான பட்டறைகளில் இருப்பதுதான்: கை ரம்ப மெஷினைக் கவிழ்த்து இரும்பு மேசைக்கு அடியில் மாட்டிய வீட்டுத் தயாரிப்பு. காவல் தகடு கிடையாது. ஆங்கிளைக் கிளாம்ப் போட்டு இறுக்கினால் அதுதான் பலகையை ஒட்டித் தள்ளும் ஃபென்ஸ். 8 அடி பிளைவுட்டை இரண்டு பேர் தூக்கி, ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க, கடைசி ஓரடியில் யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் மேல்கணு இல்லாததற்கும் அப்படி ஒரு மேசைதான் காரணம்.

நகரும் மேசையில் கதை தலைகீழ். பலகையை நாம் ரம்பத்தின் மேல் தள்ளுவதில்லை. பலகை மேசை மேல் படுத்திருக்க, மேசையைத் தள்ளுகிறோம். ஆள் நிற்பது ரம்பத்துக்கு நேர் எதிரே அல்ல, இடது ஓரத்தில். கட்டை பின்னால் தெறித்தாலும் வயிற்றை நோக்கி வராது. 1906-ல் பெர்லினில் வில்ஹெல்ம் ஆல்டென்டார்ஃப் என்ற தச்சர் யோசித்த ஏற்பாடு இது. அவர் பெயரிலான நிறுவனம் ஜெர்மனியின் மிண்டன் நகரில் இன்றும் பேனல் சா செய்கிறது. ஆஸ்திரியாவின் ஃபெல்டர், இத்தாலியின் எஸ்சிஎம் எல்லாம் அதே உயரத்தில் இருப்பவை. பெங்களூரு இந்தியாவுட் கண்காட்சியில் அவற்றின் மேசையை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, விலையைக் கேட்காமலே வந்துவிட்டேன். நம் கைக்கு எட்டுவது சீனத்து மெஷின்கள்தான். ஃபோஷானின் ஷுண்டே, சிங்டாவ் போன்ற இடங்களிலிருந்து வருகிறவை. ஒரே வார்ப்பு, ஒரே மேசை, இங்கே இறங்கியதும் பச்சை பெயின்ட்டில் ஒரு பெயர், சாம்பல் பெயின்ட்டில் இன்னொரு பெயர். அதனால் பெயரைப் பார்க்காமல் அந்தக் குறிப்பிட்ட மெஷினை, கையில் கேஜோடு பார்ப்பதுதான் புத்தி. மூன்றாவது கடையில் நாங்கள் பார்த்த 3200 மாடலில் முள் சரியான பக்கம் 0.08 நகர்ந்தது. பின்பக்கம் இம்மி விலகியிருக்க வேண்டும், அவ்வளவே. அதையே வாங்கினோம்.

3200 என்பது மேசை ஓடும் தூரம், மில்லிமீட்டரில். பிளைவுட் 2440 நீளம், 1220 அகலம். முழு ஷீட்டை நீளவாக்கில் மேசையிலேயே வைத்து வெட்ட இந்த அளவு வேண்டும். 1600 மாடல் மலிவு, சிங்கிள் பேஸிலும் கிடைக்கும். ஆனால் அதில் முதல் நீள வெட்டுக்கு மறுபடி ஃபென்ஸை ஒட்டித் தள்ளும் பழைய கதைதான். சமையலறைப் பெட்டி செய்கிறவர்களுக்கு அது ஒத்துவராது.

அந்த 3200-க்கான விலையைத் தரை இடத்திலும் கட்ட வேண்டியிருக்கும். மேசை முன்னால் முழுக்க வந்து, பின்னால் முழுக்கப் போக 22 அடி நீளம் வேண்டும். அகலவாக்கில் குறுக்கு ஃபென்ஸை நீட்டினால் 12 அடி. மெஷின் ஏறத்தாழ 850 கிலோ. ஒருமுறை வைத்த இடத்தில் வைத்ததுதான். எங்கள் ஷெட் 24க்கு 40. பேப்பரில் தாராளமாகத் தெரிந்தது. ஹைட்ரா கிரேன் வந்து இறக்கிய பிறகுதான், மேசை பின்னால் போகும் இடத்தில் ஷெட்டின் இரும்புத் தூண் நிற்பது உறைத்தது. ஒன்றரை அடி நகர்த்த மறுபடி கிரேனுக்கு ஒரு வாடகை. வாங்கப் போகிறவர்கள் தரையில் சாக்பீஸால் மெஷினை முழு அளவில் வரைந்து, அதற்குள் ஒரு பிளைவுட் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் நடந்து பாருங்கள்.

இனி, நான் அதிகம் எதிர்பார்க்காமல் அதிகம் கிடைத்த இடம்: ஸ்கோரிங் பிளேடு. பெரிய ரம்பம் 300 மிமீ. அதற்கு முன்னால் 120 மிமீ குட்டி ரம்பம் ஒன்று எதிர்த்திசையில் சுற்றுகிறது. பலகையின் அடிப்பக்க மைக்காவில் ஒன்றரை மிமீ ஆழத்துக்குக் கோடு கீறிவிடும். பெரிய ரம்பம் அந்தக் கோட்டுக்குள்ளேயே இறங்கி வெளியே வருவதால் பிசிறே விழாது. இது சரியாக அமைந்தால் மட்டும். எங்களுக்கு இரண்டு நாள் அமையவில்லை. குட்டி ரம்பம் இம்மி இடதுபக்கம் இருந்தால் வலது ஓரம் பிசிறும். அகலம் கூடினால் இரண்டு பக்கமும் ஒரு படி விழும். அந்தப் படி கண்ணுக்குத் தெரியாது. விளிம்பில் நகத்தை மேலிருந்து கீழே ஓட்டினால் அடியில் லேசாகத் தட்டும். எட்ஜ் பேண்ட் ஒட்டிய பிறகு அதே இடம் கறுப்புக் கோடாகச் சிரிக்கும். எங்களுடையது பக்கவாட்டில் சரிந்த பல் வைத்த கூம்பு வகை. உயர்த்தினால் வெட்டு அகலமாகும், தாழ்த்தினால் குறுகும். துண்டுப் பலகையைப் பாதி வரை வெட்டி நிறுத்தி, திருப்பிப் பார்த்து, திருகைக் கால் சுற்று திருப்பி, மறுபடி வெட்டி என்று ஒரு முழு ஷீட் பொடியானது. மூன்றாம் நாள் எங்கள் மூத்த ஆசாரி விளிம்பில் நகத்தை ஓட்டிவிட்டுச் சொன்னார்: “தம்பி, இழைப்புளிக்கு இனி வேலை இல்லைங்க.” பாராட்டா வருத்தமா என்று அவர் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

குறுக்கு ஃபென்ஸ் கச்சிதமாக 90 டிகிரியில் இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் போதாது. மூலைமட்டமே எத்தனை சரி என்று யாருக்குத் தெரியும்? ஐந்து வெட்டு முறைதான் நம்பகம். 800 மிமீ சதுரப் பலகையை எடுத்து நாலு பக்கமும் வரிசையாக, வெட்டிய பக்கத்தை ஃபென்ஸில் ஒட்டி ஒட்டி வெட்டுங்கள். ஐந்தாவது வெட்டில் ஒரு பட்டையை எடுத்து, இரு முனையின் அகலத்தையும் வெர்னியரில் பாருங்கள். எங்களுக்கு ஒரு முனை 20.6, மறுமுனை 19.8. வித்தியாசம் 0.8. பிழை நாலு மடங்காகச் சேர்ந்து வந்திருப்பதால் நாலால் வகுத்தால் 800 மிமீக்கு 0.2. ஒரு சமையலறைப் பெட்டிக்கு இது பரவாயில்லை. ஏழு பெட்டியை வரிசையாகப் பூட்டும்போது பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஃபென்ஸின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிற நிறுத்தத் திருகை, ஃபீலர் கேஜ் வைத்து 0.4 மிமீ அளவுக்கு நகர்த்தியதும் இரு முனையும் ஒன்றாயின. இன்ஸ்டால் செய்ய வந்த பையன் இதைச் செய்யாமலேயே கையெழுத்து வாங்கிப் போயிருந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். த்ரீ பேஸில் இரண்டு ஒயர் மாறினால் மோட்டார் ரிவர்ஸில் ஓடும். கிணற்று மோட்டார் வைத்திருக்கும் விவசாயிக்கு இது பழக்கம். தண்ணீர் வராது, மாற்றிக்கொள்வார். இங்கே எதிர்த்திசையில் சுற்றுவது ரம்பம், அது ஆபத்து. தெருவில் லைன் வேலை நடந்த மறுநாள் காலை, சுவிட்சைத் தட்டி உடனே நிறுத்திப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் தப்பித்தோம். அன்று மாலையே பேஸ் மாறினால் மெஷினை ஓடவிடாத ரிலே ஒன்றைப் பூட்டினேன். மெஷினோடு அது வரவில்லை. மலிவான சாமான், வாங்கும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பில் வேறு குறை? ரம்பத்துக்குப் பின்னால் துடுப்புபோல நிற்கும் தகடு நல்ல எஃகு. அதைக் கழற்றிப் போட யாரையும் விட மாட்டேன். மேல் காவல் மட்டும் ஆட்டம் காண்கிறது. அமெரிக்காவின் சாஸ்டாப், விரல் பட்ட சில மில்லிசெகண்டில் அலுமினியக் கட்டையை ரம்பத்துக்குள் செருகி நிறுத்துகிறது. ஆல்டென்டார்ஃப் கேமரா வைத்துக் கையை அடையாளம் கண்டு, தொடுமுன்பே ரம்பத்தைக் கீழே இறக்குகிறது. நம் விலைக்கு அதெல்லாம் இல்லை. வலது ஃபென்ஸை ரம்பத்தின் நடுவுக்கு முன்பே நிற்கும்படி பின்னிழுத்து வைப்பது, துண்டைக் கையால் எடுக்காமல் குச்சியால் தள்ளுவது, இவைதான் நம் கேமரா.

தூசிக்குத் தனியாக 2 எச்.பி. பை கலெக்டர் வேண்டும். அடியில் உள்ள பெரிய குழாய் நன்றாக இழுக்கிறது, மேல் காவலிலிருந்து வரும் சின்னக் குழாய் பெயருக்கு. எம்டிஎஃப் வெட்டும் நாளில் மாஸ்க் இல்லாமல் நிற்க முடியாது. மேசை ஓடும் தண்டில் தூசி படிந்தால் ஓட்டம் கடகடக்கும். தினமும் துணியால் துடைக்க ஒரு நிமிடம். எண்ணெய் விட்டால் தூசி இன்னும் ஒட்டும், விடாதீர்கள்.

கணக்கு: மெஷின் 2 லட்சத்து 60 ஆயிரம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 3 லட்சத்து 6 ஆயிரத்து 800. கலெக்டர், இரண்டு செட் ரம்பம், கேபிள், ரிலே, இரண்டு முறை கிரேன் என்று இன்னொரு 70 ஆயிரம். காம்பொசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அந்த வரி திரும்ப வராது, அதையும் விலையாகவே எண்ண வேண்டும். ரம்பம் வாங்கும்போது நடு ஓட்டை 30 மிமீ என்று கேட்டு வாங்குங்கள். கடையில் சட்டென்று எடுத்துத் தருவது 25.4 ஆக இருக்கும்.

வாரத்துக்கு நாலைந்து ஷீட் மட்டும் வெட்டுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். தண்டவாளத்தில் ஓடும் கை ரம்பம், கீழே ஒரு தெர்மோகோல் ஷீட், அதுவே போதும். தேக்கு நிலை, கதவு என்று கட்டை வேலை மட்டும் செய்கிறவர்களுக்கும் இது ஆடம்பரம். தினம் ஆறேழு ஷீட் என்றால் யோசிக்கவே வேண்டாம். முன்பு இரண்டு பேர் அரை நாள் வெட்டியதை இப்போது ஒருவர் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிறார்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர் வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மேசையைத் தள்ளினார், இழுத்தார். “நானும் ஒன்னு போட்டுரலாம்னு இருக்கேனுங்க” என்றார். இடம் எத்தனை அடி என்று கேட்டேன். டேப்பை எடுத்துக்கொண்டு போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

“பத்தொன்பதுங்க. பரவாயில்லை, ஷட்டரைத் தூக்கிட்டு வெட்டிக்கறேன். மேசை ரோட்டுக்கு மூணு அடி வந்துட்டுப் போகட்டும்.”

“மழை வந்தா?”

கொஞ்ச நேரம் டேப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு பின்சுவர் யாருடையது என்று விசாரிக்கப் போனார்.