பார்வை விலங்கும் கொல்லிப்பாவையும்

பார்வை என்பது, காட்டு விலங்கையோ பறவையையோ தன்பால் ஈர்த்துப் பிடித்துக்கொடுப்பதற்காக வேட்டுவர் பழக்கி வைத்திருக்கும் உயிருள்ள விலங்கை அல்லது பறவையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பார்வைமான், பார்வை விலங்கு என்றும் வழங்கும். தீவகம் என்பது இதன் மற்றொரு பெயர். இன்றைய வழக்கில் பார்வை என்றால் கண்ணால் காண்பது மட்டுமே. அதனால் சங்கப் பாடல்களில் இச்சொல்லைக் காணும் மாணவர் பலர், 'அழகிய பார்வையுடைய மான்' என்று பொருள் எழுதிவிடுகின்றனர். ஒரு சொல் தவறினால் ஒரு பாட்டு முழுவதும் தவறிப்போகும் என்பதற்குப் புறநானூற்றின் 320-ஆம் பாட்டைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. கொல்லிப்பாவையைப் பற்றிய பாடல்களைப் படிக்கவும் இச்சொல் உதவும்.

இரையும் பார்வையும்

தூண்டில் இரையும் பார்வையும் ஒன்றல்ல. இரை விழுங்கப்படுவதற்காக வைக்கப்படுவது. பார்வை காணப்படுவதற்காக வைக்கப்படுவது. வேட்டை முடிந்த பின்னும் அது உயிரோடு இருக்கவேண்டும், அடுத்த நாளும் பயன்படவேண்டும். காட்டி ஈர்ப்பதால் இப்பெயர் வந்தது என்று கொள்ளலாம். பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டுக் காட்டுக் கௌதாரியைக் கண்ணிக்கு வரவழைக்கும் முறை, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முதியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும் ஒன்று.

குளிர் நாடுகளில் இதே உத்தி நீருக்குள் நடக்கிறது. வட அமெரிக்காவில் மின்னசோட்டா போன்ற பகுதிகளில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டியில் துளை வெட்டி, அதன்மேல் வெளிச்சம் புகாத சிறு குடிலை நிறுத்துவர். கயிற்றில் பிணைத்த உயிர்மீனை அல்லது மரத்தில் செதுக்கிய மீனைத் துளைவழியே இறக்கி நீந்தவிடுவர். பைக் என்னும் பெரிய மீன் அதை நாடி வரும்போது மேலிருந்து ஈட்டியால் குத்துவர். அங்கே பைக் மீனைப் பெரும்பாலும் பசி இழுத்து வருகிறது. தமிழ்ப் பாடல்களின் பார்வைமானோ துணை தேடி வரும் விலங்குக்கு வைக்கப்படுவது. இந்த வேறுபாடுதான் நம் புலவர்களுக்குப் பாடுபொருள் ஆயிற்று.

எயினர் முற்றத்து மான்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பு வருகிறது. விளாமரம் ஒன்றில் பார்வைமான் கட்டப்பட்டிருக்கிறது. மரத்தின் அடி தேய்ந்துபோயிருக்கிறது. அம்மரத்தடியில் தரையில் தோண்டிய உரலில் எயிற்றியர் புல்லரிசியைக் குற்றுகின்றனர். மரத்தின் தேய்வைச் சொன்னதிலேயே அங்கே மான் கட்டுவது பல நாள் பழக்கம் என்பது தெரிந்துவிடுகிறது. நற்றிணை 212-இல் குடவாயிற் கீரத்தனார் மறுபக்கத்தைக் காட்டுகிறார். பார்வையைக் கொண்டு வேட்டையாடுபவன் விரித்த வலைக்கு அஞ்சிய கணந்துள் பறவையின் தனித்த குரல், பாலை வழியில் செல்லும் கூத்தரின் யாழிசையோடு கலந்து கேட்கிறது.

வீரை வெளியனார் பாடிய புறநானூறு 320 இவ்விரண்டையும் விஞ்சியது. வாகைத் திணையில் வல்லாண் முல்லைத் துறையில் அமைந்த பாட்டு இது. முன்னையும் முசுண்டையும் படர்ந்து, பந்தலே வேண்டாதபடி நிழல் செய்யும் முற்றம். யானை வேட்டுவன் ஒருவன் அயர்ந்து உறங்குகிறான். அவன் வளர்க்கும் பார்வைமானாகிய இளம்பிணையோடு எங்கிருந்தோ வந்த தனிக் கலைமான் ஒன்று கூடி விளையாடுகிறது. வேட்டுவன் மனைவி இதைக் காண்கிறாள். கணவன் விழித்துவிடுவானோ என்று ஒரு அச்சம். கலை பிணையை விட்டுப் போய்விடுமோ என்று மற்றொரு அச்சம். அவள் வீட்டுக்குள் அசையாமல் இருந்துவிடுகிறாள். மான்தோலில் காயவைத்த தினையைக் காட்டுக்கோழியும் இதலும் தின்கின்றன.

இப்பாட்டை உயிரிரக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி நிறுத்திவிடுவது பாடநூல் வழக்கம். அது பாதி உண்மை. அந்தப் பிணை வீட்டுச் செல்லப்பிராணி அல்ல, தொழிற்கருவி. கலைமான் வந்து அதனோடு கூடியது எதிர்பாராத காட்சியும் அல்ல. அதற்காகத்தான் பிணையே வளர்க்கப்பட்டது. வலை சரியாக வேலை செய்த நேரத்தில் வலைக்குரியவன் உறங்குகிறான். அவனை எழுப்ப வேண்டியவள் எழுப்பவில்லை. பார்வை என்ற சொல்லின் பொருள் தெரியாதவருக்கு அவள் செய்தது வெறும் மென்மை. தெரிந்தவருக்கு அது ஒரு வேளை உணவை, ஒரு நாள் வருவாயைக் கைவிட்ட செயல். அதோடு தினையும் போயிற்று.

பாட்டு அங்கே முடியவும் இல்லை. சந்தனக் கட்டை நெருப்பில் சுட்ட, ஆரல்மீன் மணம் கமழும் கொழுத்த இறைச்சியைச் சுற்றத்தோடு உண்டு தங்கிப் போகுமாறு பாணனை அழைக்கிறது. அந்த இறைச்சி எதனுடையது என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. தினையைத் தின்ன வந்த கோழியும் இதலும்தான் என்று கொள்வது இடத்துக்குப் பொருந்தும். அப்படியானால், பார்வைமானை நாடி வந்த கலை தப்பியது. யாரும் பொறியாக வைக்காத தினை பறவைகளுக்குப் பொறியாயிற்று. புலவர் வேட்டையைப் பழிக்கவில்லை, இரக்கத்தைப் போற்றி உரை நிகழ்த்தவும் இல்லை. இரண்டும் ஒரே முற்றத்தில் நடக்கின்றன. புறநானூற்றின் பழைய உரை 266-ஆம் பாட்டோடு நின்றுவிட்டதால், இந்தப் பாட்டுக்கு அவ்வுரையின் துணை இல்லை. பிற்காலப் பொழிப்புரை ஒன்றை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்வதால் வரும் குறை இது.

கொல்லிமலை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை வேட்டைக்குப் பெயர்பெற்ற மலை. வன்பரணர் புறநானூறு 152-இல் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றைத் துளைத்து உடும்பில் சென்று தைத்ததாகப் பாடுகிறார். அங்கே பார்வைமானுக்கு இடமில்லை. மன்னன் வில்லாற்றலைக் காட்டும் வேட்டை வேறு. குடிசை முற்றத்தில் மானைக் கட்டிக் காத்திருக்கும் பிழைப்பு வேறு.

ஆனால் அதே மலையில்தான் கொல்லிப்பாவை நிற்கிறது. மலைவளத்தைக் கவர வரும் அரக்கரை நகைத்து மயக்கிக் கொல்லுமாறு செய்து நிறுத்திய பெண்ணுரு என்பது பிற்கால உரைகளில் விரிந்த கதை. இன்று மலையிலுள்ள எட்டுக்கை அம்மனே கொல்லிப்பாவை என்று மக்கள் வழிபடுகின்றனர். இக்கதையில் பாவை செய்வது பார்வையின் வேலையேதான்: ஈர்த்தல், பிறகு அழித்தல். ஆனால் இக்கதையை அப்படியே சங்கப் பாடல்கள் மேல் ஏற்றிப் படிப்பது பொருந்தாது. பரணர் பாடிய நற்றிணை 201-இல் பாவை காற்றுக்கும் மழைக்கும் இடிக்கும் நிலநடுக்கத்துக்கும் அசையாத வடிவம். கபிலர் பாடிய குறுந்தொகை 100-இல் அது தலைவியின் அழகுக்கு உவமை. கொலை என்ற பேச்சு நற்றிணை 185-இல் உண்டு. தெய்வம் எழுதிய பாவை போன்றவள் தன்னைக் கொல்லச் சூழ்ந்துவிட்டாள் என்று தலைவன் நொந்துகொள்கிறான். அங்கே அவன் நிற்கும் இடம் வேட்டுவனின் இடம் அல்ல, பிணையைக் கண்டு வந்த கலைமானின் இடம். பாவைக்குக் கோரைப்பல் வரைந்து அச்சுறுத்தும் இன்றைய கதைகளைவிட இந்த ஒரு முறையீடு ஆழமானது.

மலையில் அறப்பளீசுவரர் கோயிலருகே ஓடும் ஐயாற்றின் மீன்களை யாரும் பிடிப்பதில்லை. அறுத்த மீன் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீரில் துள்ளியது என்பது தலக்கதை. அடியார் உணவிடுகின்றனர், மீன்கள் கைக்கருகே வருகின்றன. பனி ஏரியில் ஈட்டியோடு காத்திருப்பவர் பார்த்தால் பொறாமைப்படுவார்.

திருவருட்பயனில்

14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனின் 45-ஆம் குறளில் இதே வேட்டை உத்தியைத் தத்துவமாக்கினார். இறைவன் மனித வடிவில் குருவாக வருவது, மக்களைப் பிடிப்பதற்காகப் போர்த்திய போர்வை. உலகம் அதை அறிவதில்லை என்கிறார். மானைக் காட்டி மானைப் பிடிப்பது போல என்று இதற்கு விளக்கம் சொல்வர். மாக்கள் என்ற சொல் விலங்குக்கும் மனிதருக்கும் ஒருங்கே பொருந்துவதால் உவமை இறுகி நிற்கிறது. எயினர் குடிசையில் பிழைப்புக்கான கருவியாக இருந்த விலங்கு இங்கே அருளின் வடிவாகிவிட்டது. பிடிபடுவதே பேறு என்று பொருள் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. இக்குறளைப் பாடம் நடத்துவோர், பெரும்பாணாற்றுப்படையின் அந்தத் தேய்ந்த விளாமரத்தை முதலில் காட்டிவிட்டுத் தொடங்கினால் பாதி விளக்கம் மிச்சமாகும்.