ஊர்க் கணக்கில் இல்லாதவர்கள்

2004 டிசம்பர் 26 சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். அந்தக் குழப்பத்திலும் அரிசி, பாத்திரம், பணம் எல்லாம் குப்பங்களுக்கு விரைவாகப் போய்ச் சேர்ந்ததென்றால், அதில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பங்கு பெரியது. எந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் திரும்பவில்லை என்பதெல்லாம் பஞ்சாயத்தாருக்கு மனப்பாடம். வெளியூர் அதிகாரிக்கு அது வாரக்கணக்கான வேலை. ஊரே ஏற்றுக்கொண்ட கைகளின் வழியாகப் பங்கீடு நடந்ததால் அடிதடியும் குறைந்தது.

ஆனால் பஞ்சாயத்தின் கையில் இருந்தது வரிக் கணக்கு. கடலுக்குப் போகும் ஆண்களை வைத்துப் போட்ட கணக்கு அது. திருவிழாவுக்கும் ஊர்ச் செலவுக்கும் அது போதும். அதையே நிவாரணப் பட்டியலாக்கியபோது, கணவனை இழந்த பெண் தனியாக நடத்தும் குடும்பம் பல ஊர்களில் முழுக் குடும்பமாக எண்ணப்படவில்லை. அலை அதிகம் கொண்டுபோனதும் பெண்களைத்தான். கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்பாம் 2005 மார்ச்சில் எழுதியது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை தெரியவே இல்லை. மீன் வாங்கக் கரையில் நின்ற பெண்கள்மீது அது விழுந்தது.

குப்பத்தை ஒட்டிய தலித் குடியிருப்புகள் இந்தக் கணக்குக்கு முற்றிலும் வெளியே இருந்தன. கூடை சுமந்தவர்கள், கருவாடு காயவைத்தவர்கள், உப்பேறிப்போன வயல்களில் கூலி வேலை செய்தவர்கள், முகத்துவாரங்களில் கையால் இறால் தடவிய இருளர்கள். படகு உடைந்தவருக்குப் படகு கிடைத்தது. கூலி போனதை எந்தப் படிவத்தில் எழுதுவது? முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதாகப் புகார்களும் அப்போதே எழுந்தன.

இதற்குப் பஞ்சாயத்தை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. அது தன் உறுப்பினர்களுக்காக இயங்கியது, அதற்காகவே இருக்கிற அமைப்பு. விட்டுப்போனவர்களைத் தேடிச் சேர்த்திருக்க வேண்டியவர்கள் அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும். வேகம் கிடைத்ததும் பலர் சரிபார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

அரசு நினைத்தால் வழக்கத்தை மாற்ற முடியும் என்பதற்கும் அதே சுனாமியே சான்று. 2005இல் வந்த வீட்டுத் திட்டம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பட்டா தரச் சொன்னது. அதுவரை ஆணின் பெயரிலேயே இருந்த சொத்தில் அது பெரிய மாற்றம். அந்த வீடுகள் பல கரையிலிருந்து தள்ளிக் கட்டப்பட்டதால் மீன்காரப் பெண்களின் நடை நீண்டது என்பது வேறு வருத்தம்.

அடுத்த பேரிடரிலும் இதே பெயர்கள் விட்டுப்போகக் கூடாதென்றால் முன்கூட்டியே தொடங்க வேண்டும்; புயல் வரும் வாரத்தில் நியாயமான பட்டியல் தயாராகாது. தனியாக வாழும் பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் யார் யார் என்பது அங்கன்வாடிப் பணியாளருக்கும் மகளிர் குழுக்களுக்கும் இப்போதே தெரியும். அவர்கள் எழுதிய பட்டியலை ஊர்க் கணக்கோடு சேர்த்து ஆகஸ்ட் 15 கிராம சபையில் உரக்க வாசிக்க வேண்டும். சபையில் வாய்திறக்கத் தயங்குபவர்களுக்காகத் தலித், இருளர் குடியிருப்புகளுக்கே போய் இன்னொரு முறை வாசிக்க வேண்டும். பெயர் விட்டுப்போனவர் கேட்டுச் சேர்த்துக்கொள்ள, வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு மாதமாவது கிடைக்கும்.