கையொப்பத்துக்கு அப்பால்: குழந்தைச் சிகிச்சை மையங்களில் குடும்பத் தகவல்

குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை, சிறப்புக் கல்வி, உளவியல் ஆலோசனை ஆகியவற்றை அளிக்கும் மையங்கள், மருத்துவத்தின் பிற பிரிவுகள் பெரும்பாலும் தொடாத குடும்ப உள்விவரங்களைக் கேட்டுப் பெறுகின்றன. காய்ச்சலுக்கு மருந்து எழுதும் மருத்துவருக்குக் குழந்தையின் வயதும் எடையும் ஒவ்வாமையும் தெரிந்தால் ஏறக்குறையப் போதும். மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையை மதிப்பிடுபவருக்கோ, அது பிறந்தவுடன் அழுததா, குறைமாதத்தில் பிறந்ததா, மஞ்சள்காமாலை கடுமையாக வந்ததா, வீட்டில் எத்தனை மொழிகள் புழங்குகின்றன, பகல் முழுவதும் அதனுடன் இருப்பவர் யார் என்பவையெல்லாம் தேவைப்படுகின்றன. இவ்வாறு பெற்ற செய்தியை, எந்த நோக்கத்துக்காகப் பெறப்பட்டதோ அதற்கு வெளியே செல்லவிடாமல் காக்கும் கடமையே மந்தணக் காப்பு எனப்படும். தமிழ்நாட்டு மையங்கள் பலவற்றில் இக்கடமை, சேர்க்கை நாளன்று பெற்றோர் இடும் ஒரு கையொப்பத்தின்மீது நிறுத்தப்பட்டுள்ளது. எதைக் கேட்கலாம், எதை எழுதாமல் விடலாம் என்ற முன்யோசனையைவிட, கேட்டு முடித்த பின் பெறும் ஒப்புதலுக்கே முதன்மை தரும் இந்நடைமுறை, நல்ல எண்ணத்தில் பிறந்தது என்றாலும், காக்க வேண்டியவர்களுள் பலரைக் காப்பதில்லை.

முதலில் அதன் வலிமையைச் சொல்ல வேண்டும். விரிவான குடும்ப வரலாறு இல்லாமல் வளர்ச்சித் தாமதத்தின் காரணத்தை நெருங்க முடியாது. செவித்திறன் குறைவு, வலிப்பு, பேச்சுத் தாமதம் ஆகியவை குடும்பத்தில் முன்பே இருந்திருந்தால் பரிசோதனையின் திசையே மாறும். ஒரே கோப்பைப் பேச்சுப் பயிற்சியாளரும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் சிறப்பாசிரியரும் குழந்தை மருத்துவரும் பகிர்ந்துகொள்ளும் குழுமுறை, தாய் தன் துயரத்தை ஒவ்வோர் அறையிலும் முதலிலிருந்து சொல்லும் வேதனையைத் தவிர்க்கிறது. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இக்குழுமுறையைப் பணம் செலவழிக்க இயலாத குடும்பங்களுக்கும் கொண்டுசென்றன. தகவல் பகிர்வே கூடாது என்று வாதிடுவோர் இந்தப் பயனை மறந்துவிடக் கூடாது.

சிக்கல், பகிர்வின் எல்லையில் எழுகிறது. மதிப்பீட்டுக் கோப்பில் இடம்பெறும் குடும்ப வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் வரைந்து, மணமானவர்களைக் கோட்டால் இணைத்து, உறவுமுறைத் திருமணத்தை இரட்டைக் கோட்டாலும், மணமுறிவைக் கோட்டின் குறுக்கே இரு சாய்வெட்டுகளாலும், பிறக்காமல் போன கருவைச் சிறு முக்கோணத்தாலும், இறந்தவரைக் குறுக்குக்கோட்டாலும் காட்டும் இப்படம், மூன்று தலைமுறைகளை ஒரே தாளில் அடக்கிவிடுகிறது. அத்தைக்கு மனநோய் இருந்ததும், தாய்க்கு முன்பு இருமுறை கரு கலைந்ததும், சித்தப்பா மதுவுக்கு அடிமையானதும் அதில் பதிகின்றன. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர் தந்தையோ தாயோ மட்டுமே. படத்தில் வட்டமாக நிற்கும் அத்தையிடம் எவரும் கேட்கவில்லை. உறவுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வழக்கம் இன்றும் பரவலாக உள்ள ஒரு சமூகத்தில், அந்தத் தாள் வேறொரு கண்ணில் பட்டால் அத்தை மகளின் வரன் தட்டிப்போகலாம். மாமியார் வீட்டில் தாயின்மீது பழி விழலாம். உறவுமுறைத் திருமணம் பற்றிய கேள்வி மரபணுக் காரணங்களை ஆராயும் மருத்துவருக்கு உரியது. பென்சில் பிடிக்கக் கற்றுத்தரும் பயிற்சியாளரின் மேசையிலும் அதே விடை திறந்து கிடப்பதற்குச் சிகிச்சை சார்ந்த காரணம் எதுவும் இல்லை.

சட்டம் இதில் எவ்வளவு துணை நிற்கிறது என்று பார்த்தால், நிலைமை அரைகுறையாகவே தெரிகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சையின்போது பெற்ற தகவலைக் காக்கும் கடமையை வல்லுநர்மீது சுமத்தி, பிறர் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற ஆணை போன்ற சில விலக்குகளை மட்டும் அனுமதிக்கிறது. சிறப்பான பிரிவுதான், ஆயினும் அச்சட்டம் மனநோயை வரையறுக்கும்போது அறிவுசார் வளர்ச்சிக் குறைபாட்டை அதிலிருந்து நீக்கிவிடுவதால், பயிற்சி மையங்களுக்கு வரும் குழந்தைகளுள் பலர் அதன் குடைக்குள் தெளிவாக வருவதில்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத அனைவரையும் குழந்தை என்று கொண்டு, அவர்களின் தரவு தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வழி செய்கிறது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட அதன் விதிகள், குழந்தையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மருத்துவ நிலையங்களுக்கும் துணைமருத்துவ வல்லுநர்களுக்கும் விலக்கு அளிக்கின்றன. நடத்தையைத் தொடர்ந்து கவனிப்பதே சிகிச்சையாக உள்ள இடத்தில் இவ்விலக்கு நியாயமானது. ஆனால் கணினியிலோ கைப்பேசியிலோ ஏறாத காகிதத்தை அச்சட்டம் தொடுவதில்லை. மையங்களின் அலமாரிகளில் அடுக்கியிருப்பவையோ பெரும்பாலும் காகிதக் கோப்புகளே, அவற்றின் முகப்பில் குழந்தையின் பெயரும் குறைபாட்டின் பெயரும் பெரிய எழுத்தில் அருகருகே எழுதப்பட்டிருக்கின்றன.

சட்டத்தால் மட்டும் தீராத இன்னொரு சிக்கல் குடும்பத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. சட்டப்படி பாதுகாவலர் பெற்றோர். நாள்தோறும் பேருந்தில் குழந்தையைக் கூட்டிவருபவரோ பாட்டி. வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியை அவரிடம் சொல்லாவிட்டால் சிகிச்சை வீணாகும். குறைபாட்டின் பெயரையும் மதிப்பெண்ணையும் அவரிடம் சொன்னால், தாய் இன்னும் சொல்லத் துணியாத செய்தி அன்று மாலையே வீட்டில் வெடிக்கும். இந்த இடத்தில் நல்ல சிகிச்சையாளர்கள் பலர் பயிற்சியைச் சொல்லிவிட்டு, மற்றவற்றை அம்மா வரும்போது பேசலாம் என்று நிறுத்திக்கொள்கின்றனர். எந்தப் படிவமும் கற்றுத்தராத இந்தப் பக்குவம், நடைமுறையில் பாராட்டத்தக்க கூறுகளுள் முதன்மையானது. அதே மையத்தின் காத்திருப்புக் கூடத்தில், மற்றப் பெற்றோர் காதுபட, “நேத்து கடிச்சானா? பிட்ஸ் வந்ததா?” என்று வாசலில் நின்றபடியே விசாரிப்பது அந்தப் பக்குவத்தைக் கெடுத்துவிடுகிறது. அன்பினால் கேட்கப்படும் கேள்விதான்; கேட்கும் இடம் தவறு.

கைப்பேசி இக்கசிவைப் பன்மடங்காக்கியது. வீட்டில் குழந்தை அடம்பிடிப்பதையும் சாப்பிட மறுப்பதையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புமாறு சிகிச்சையாளர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. மையத்தின் அமைதியான அறையில் காணக் கிடைக்காத நடத்தை அக்காட்சியில் தெரிகிறது. ஆயினும் அக்காணொளி சிகிச்சையாளரின் சொந்தக் கைப்பேசியில் குடும்பப் படங்களோடு சேர்ந்துகொண்டு, அவருடைய இணையச் சேமிப்புக் கணக்குக்கும் தானாகவே சென்று தங்கிவிடக்கூடும். அவர் வேலையை விட்டு விலகிய பின்னும் அது அவரிடமே இருக்கும். முன்னேற்றம் கண்ட குழந்தையின் படத்தை விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் இடுவது இதைவிடக் கடுமையான மீறல் என்றே கருத வேண்டும். பெற்றோர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள் என்பது இதற்கு விடையாகாது. வாரந்தோறும் அந்தச் சிகிச்சையாளரையே நம்பி வரும் தாய், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. உடல்நலத்துக்காக அளிக்கப்பட்ட சட்ட விலக்கு விளம்பரத்துக்கு எவ்வகையிலும் பொருந்தாது.

மின்னணுக் கோப்பு பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கும் எல்லை உண்டு என்பதைப் பின்லாந்தின் வஸ்தாமோ உளச்சிகிச்சை நிறுவனத்தின் வீழ்ச்சி காட்டியது. அங்குத் திருடப்பட்ட ஏறத்தாழ 33,000 பேரின் குறிப்புகளைக் கொண்டு, 2020 அக்டோபரில் நோயாளிகளையே நேரடியாக மிரட்டிப் பணம் கேட்டார்கள். பாதிக்கப்பட்டோரில் சிறாரும் இருந்தனர். நிறுவனம் திவாலானது, குற்றவாளிக்கு 2024இல் ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. பூட்டு வலுவற்றிருந்தது என்பதே அதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட செய்தி. சிகிச்சையின் உரையாடல் இவ்வளவு விரிவாக ஏன் எழுதி வைக்கப்பட வேண்டும் என்ற கேள்வி அதைவிட ஆழமானது. அமெரிக்காவின் மருத்துவ அந்தரங்க விதிகள், உளச்சிகிச்சையாளர் தமக்காக எழுதிக்கொள்ளும் உரையாடல் குறிப்பைப் பொதுக் கோப்பிலிருந்து பிரித்து வைத்தால் அதற்குக் கூடுதல் காப்பு அளிக்கின்றன. இந்தியச் சட்டத்தில் அத்தகைய பிரிவினை இல்லை. அதனால் நாள், பயிற்சி, பலன் என்ற மூன்று வரிகளோடு முடிய வேண்டிய பதிவேட்டில், கணவன் மனைவி சண்டையும் இடம்பிடித்துவிடுகிறது. மணமுறிவு வழக்கில் குழந்தை யாரிடம் வளர்வது என்ற கேள்வி எழும்போது அந்த வரியை இரு தரப்பு வழக்கறிஞர்களும் தேடுவார்கள். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதற்கு இந்தியாவின் இன்றைய சான்றுச் சட்டம் அளிக்கும் காப்பு, தாய் சிகிச்சையாளரிடம் சொன்னதற்குக் கிடையாது.

இதுவரை சொன்னவை குடும்பத்தின் இரகசியம் பற்றியவை. குழந்தைக்கென்று ஓர் இரகசியம் உண்டு என்பதை இந்நடைமுறை ஏற்றுக்கொண்டதாகவே தெரியவில்லை. அதன் மிகப் பெரிய குறையும் இதுதான். இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தை அதற்கே உரிய உரிமையாக வைக்கிறது. நான்கு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயது மாணவிக்கும் ஒரே பெற்றோர் ஒப்புதலைப் பொருத்தும்போது, அந்த மாணவி ஆலோசகரிடம் மனம்விட்டுச் சொன்னது மாலையில் அப்பாவின் காதுக்குப் போகிறது. அடுத்த வாரம் அவள் எதையும் சொல்வதில்லை. வயதுக்கேற்பக் குழந்தையிடம் விளக்கி அதன் விருப்பத்தையும் கேட்டறிவதை இசைவு என்பர். ஒப்புதலுக்கு அது மாற்றாகாது, ஆனால் அது இல்லாத ஒப்புதல் பாதி ஒப்புதலே.

எனினும் முழு மௌனத்தைக் குழந்தைக்கு வாக்களிக்கவும் இயலாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது. தவறினால் ஆறு மாதம் வரை சிறை, நிறுவனத் தலைவரானால் ஓராண்டு வரை. குற்றவாளி குடும்பத்துக்குள்ளேயே இருக்கும்போது, குடும்ப மானம் என்ற பெயரில் விழும் அழுத்தத்திலிருந்து சிகிச்சையாளரை இக்கட்டாயம் விடுவிக்கிறது என்பதால், இச்சட்டம் குழந்தையின் பக்கம் உறுதியாக நிற்கிறது என்றே மதிப்பிட வேண்டும். பதினேழு வயதினர் இருவரின் விருப்ப உறவும் இதே வலைக்குள் விழுவதும், அதற்கு அஞ்சி வளரிளம் பருவத்தினர் ஆலோசகரை நாடாமல் போவதும் அதன் மறுபக்கம். இந்த முரணைச் சிகிச்சையாளர் தீர்க்க முடியாது. எதை வெளியே சொல்லியாக வேண்டியிருக்கும் என்பதைக் குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன்பே, அதற்குப் புரியும் சொற்களில் சொல்லிவிடுவது மட்டும் அவர் கையில் உள்ளது. பேசிய பிறகு சொன்னால் குழந்தை அதை நம்பிக்கைத் துரோகமாகவே எடுத்துக்கொள்ளும்.

சீர்திருத்தம் பெரும் செலவு பிடிக்கும் காரியமாக இருக்க வேண்டியதில்லை. சேர்க்கைப் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே இதைப் படிக்க வேண்டியவர் யார் என்று ஒரு வரி எழுதப் புகுந்தால், பல கட்டங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். குடும்ப வரைபடம் மருத்துவரின் உறையிலும் பயிற்சிக் குறிப்பு பயிற்சியாளரின் ஏட்டிலும் தனித்தனியே இருக்கலாம். காணொளிகளுக்கு மையத்துக்கென ஒரு கைப்பேசியும், அவற்றை அழிக்க ஒரு நாளும் குறிக்கலாம். பேச்சுப் பயிற்சியாளர்களையும் சிறப்பாசிரியர்களையும் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வு மன்றமும், தொழில்வழிச் சிகிச்சையாளர் உள்ளிட்ட துணைமருத்துவ வல்லுநர்களுக்கென 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய ஆணையமும் இணைந்து, காகிதக் கோப்பையும் உள்ளடக்கிய பொதுவான ஒரு விதியை வகுப்பது உடனடித் தேவை. அதுவரை பெற்றோர் காத்திருக்க வேண்டியதில்லை: இக்கேள்விக்கான விடை எதற்குப் பயன்படும், யார் படிப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்று கையெழுத்திடும் முன் கேட்கட்டும், விடை சொல்லத் தயங்கும் படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் விட்டுவிடட்டும்.