பூவும் பீப்பாயும்

பொம்மிடிக்காரங்களுக்கு ஓக் என்றால் சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக்தான். உண்மையில் அது ஓக்கே கிடையாது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேறொரு மரம். ஒயின் பீப்பாய்க்கு நிஜ ஓக் வேண்டும். அதன் உட்புறத்தைத் தீயில் வாட்டுவார்கள். வெனிலா வாசனை அந்த மரத்திலிருந்து வருவது. கர்நாடகத்தில் நந்திமலை அடிவாரத்து குரோவர் ஜாம்பாவின் 'லா ரிசர்வ் பிளாங்க்' பிரெஞ்சு ஓக்கில் கிடந்த வெள்ளை ஒயின். திராட்சை வியோனியே, பூவும் ஆப்ரிகாட்டும் அதன் சொந்த மணம். ஐஸ் மாதிரி குளிர்ந்திருக்கும்போது மரம் மட்டுமே பேசுகிறது. கொஞ்சம் குளிர் விட்டதும் பூ எட்டிப் பார்க்கிறது. உருவமா உள்ளடக்கமா என்று நாம் போடும் அதே பழைய சண்டைதான். விலை கூடினால் மரவாசமும் கூடணும்னு யார் சொன்னது? பீப்பாய் பின்பாட்டு பாடினால் போதும். இதில் அது சில சமயம் மைக்கைப் பிடுங்கிக்கொள்கிறது. ஆனாலும் அவசரப்படாமல் குடிப்பவருக்குத் திராட்சை கிடைத்துவிடுகிறது.