வாயுக்களின் இராமன் நிறமாலை: மோதல் மாதிரிகள் எங்கே தேறுகின்றன, எங்கே தவறுகின்றன

வாயு ஒன்றின் இராமன் நிறமாலையில் ஒரு கோடு எவ்வளவு தடித்துத் தெரியும் என்பதை, சாதாரண அமுக்கத்தில், மூலக்கூறுகளின் மோதலே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. 1928இல் கொல்கத்தாவில் சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும், சிதறும் ஒளியின் அலைநீளம் மாறும் இராமன் விளைவைக் கண்டபோது திரவங்களே கைகொடுத்தன. வாயு சிதறிய ஒளி மிக மங்கல். கோட்டின் அகலத்தை நுட்பமாக அளப்பது லேசர் வந்த பின்னரே எளிதாயிற்று.

சுமார் 1,430 மீற்றர் உயரத்திலுள்ள, இலங்கையின் அப்புத்தளையில் காற்றமுக்கம் ஏறத்தாழ 850 ஹெக்டோபாஸ்கல். அடர்த்தி குறைந்தால் மோதலும் குறையும். ஒரே வெப்பநிலையில் அங்குள்ள நைதரசனின் கோடுகள் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். கடல்மட்டத்திலேயே அந்த அகலம் சென்ரிமீற்றருக்கு 0.1 அலை அளவுதான். லேசர் ஒளியைச் செலுத்தி, சிதறித் திரும்பும் ஒளியால் வளிமண்டலத்தை ஆராயும் இராமன் லைடாரின் வடிகட்டி இதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் அகன்றது. அந்த வேலைக்கு, மோதலால் வரும் அகலத்தைக் கணிக்கும் மோதல் மாதிரி வீண் சுமை.

அமுக்கம் மிகுந்த என்ஜின் உருளைக்குள், நிறமாலையின் வடிவத்தைக் கொண்டு வெப்பநிலையை அளக்கும்போது நிலைமை வேறு. மோதலில் சுழற்சி நிலை மாறும் மூலக்கூறு ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்குத் தாவுகிறது. அமுக்கம் ஏறித் தாவல் மிகும்போது நெருங்கிய கோடுகள் ஒன்றாகிவிடுகின்றன. ஒன்றான பட்டை அகலாமல் ஒடுங்குகிறது. ஒவ்வொரு கோட்டையும் தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் இந்த ஒடுக்கம் வராது, அதிலிருந்து கணிக்கும் வெப்பநிலையும் பிழையாகும். தாவலுக்கு வேண்டிய ஆற்றல் கூடக்கூட அதன் வாய்ப்பு அடுக்குக்குறி முறையில் சரியும் என்னும் ஆற்றல் இடைவெளி விதி இங்கே உதவுகிறது. சில மாறிலிகளைக் கொண்டே, எந்த நிலையிலிருந்து எதற்கு எவ்வளவு தாவல் என்று காட்டும் தாவல் அணி முழுவதையும் நிரப்பலாம். இந்தச் சிக்கனமே அதன் பலம்.

பலவீனமும் அங்கேதான். அளந்த அகலம், ஒரு நிலையை விட்டு நீங்கும் தாவல்களின் மொத்தத்தைத்தான் சொல்கிறது. எது எங்கே போயிற்று என்று சொல்வதில்லை. வெவ்வேறு அணிகள் ஒரே அகலங்களைத் தரலாம். மேலும், அகலம் முழுவதும் சுழற்சி மாற்றத்தால் வந்தது என்ற எடுகோள் நைதரசனுக்கு ஓரளவு பொருந்துகிறது. சுழற்சி நிலைகள் வெகுதூரம் விலகியிருக்கும் ஐதரசனுக்குப் பொருந்தாது. ஐதரசனின் கோடு, அமுக்கம் ஏறும்போது முதலில் மெலிந்து பிறகே தடிக்கிறது. அதற்கு மூலக்கூறின் நகர்வையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அடிப்படை விசைகளிலிருந்து தொடங்கும் குவாண்டம் கணக்கு இக்குறைகளைத் தவிர்க்கும். ஆனால் நைதரசனோடு நைதரசன் மோதுவதற்கு ஒன்று, நீராவி மோதுவதற்கு வேறொன்று எனச் சோடிதோறும் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதால் செலவு கடுமையானது.

அகலங்களுக்குப் பொருத்திய மாதிரியை அதே அகலங்களைக் காட்டி மெய்ப்பிப்பது சோதனையே அல்ல. பொருத்தலில் சேராத அமுக்கத்திலும் வெப்பநிலையிலும் பட்டையின் முழு வடிவத்தைச் சரியாகச் சொல்லும் மாதிரியையே வெப்பநிலை அளக்க நம்பலாம்.